ஐஸ் ஸ்ட்ராபெரியும் தண்ணீர்க் கணக்கும்

கேக்கைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்ததும் ஆச்சி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஏட்டி, பூசணம் புடிச்சதையா எனக்குத் தாரே?" என்றாள். எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய பழத்தைச் சுற்றி நீலமும் சாம்பலும் கலந்த ஒரு வளையம். வளையத்தை ஒட்டி வேகாத மாவு, களி மாதிரி. பழங்கள் எல்லாம் அடியில் போய்ப் படுத்திருந்தன. அடிப்பாகம் நனைந்த பஞ்சு. ஃப்ரோசன் ஸ்ட்ராபெரியை வைத்துச் செய்யக்கூடிய தப்புகள் அத்தனையையும் ஒரே கேக்கில் செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து பாக்கெட் வாங்கிக் கெடுத்தும் சரியாக வந்தும் பார்த்ததில் ஒன்று புரிந்தது. ஐஸ் போட்ட ஸ்ட்ராபெரியைப் புதுப்பழத்தின் இடத்தில் வைத்தால் அது காலை வாரும். அது தனிச் சரக்கு. அதனுடைய தண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

திருநெல்வேலியில் புதுப்பழம் கிடைக்காமல் இல்லை. மார்கழி, தையில் 200 கிராம் பிளாஸ்டிக் டப்பாவில் வந்துவிடும். மேல் வரிசை பார்வையாக இருக்கும். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால்தான் கீழ் வரிசையின் வெள்ளைத் தோளும், ஒன்றிரண்டில் பூத்திருக்கும் பூசணமும் தெரியும். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்திய ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைகளில் விளைகிறது. 2010இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கிருந்து தாமிரபரணிக் கரைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஊட்டி, கொடைக்கானல் பழமும் கொஞ்சம் இறங்கும். எங்கிருந்து வந்தாலும் பிரச்சினை ஒன்றுதான். மாங்காயை வைக்கோலில் போட்டால் பழுக்கும்; ஸ்ட்ராபெரி செடியை விட்டுப் பிரிந்த பிறகு பழுக்காது. நிறம் கொஞ்சம் ஏறும், இனிப்பு ஏறாது. நன்றாகப் பழுத்ததைப் பறித்தால் லாரி வந்து சேர்வதற்குள் கூழாகிவிடும் என்பதால் முக்கால் சிவப்பிலேயே பறித்து அனுப்புகிறார்கள். ஐஸுக்குப் போகிற பழத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதை நன்றாகச் சிவக்கவிட்டுப் பறித்துப் பக்கத்திலேயே உறைய வைக்கலாம். அதனால் அடுப்பில் ஏற்றப்போகிற பழம் என்றால், நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் ஐஸ் பழம்தான் மேல் என்பது என் கட்சி. அப்படியே கடித்துத் தின்ன வேண்டுமானால் தை மாதம் வரை காத்திருங்கள்.

உறையும்போது பழத்துக்கு என்ன ஆகிறது? ஸ்ட்ராபெரியில் நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர். தண்ணீர் ஐஸாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. ஃப்ரீசரில் மறந்துபோய் வைத்த கண்ணாடி பாட்டில் வெடிப்பது இதனால்தான். பழத்துக்குள் எண்ணற்ற சிறு பைகளாக இருக்கும் செல்களை இந்த ஐஸ் ஊசிகள் குத்திக் கிழிக்கின்றன. மெதுவாக உறைந்தால் ஊசி பெரிதாக வளரும், கிழிசலும் பெரிது. சட்டென்று உறைந்தால் ஊசி பொடியாக இருக்கும், சேதமும் குறைவு. இந்தச் சூட்சுமம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1986 வரை நம் மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியில் ஏற்றுமதி இறாலை ஒவ்வொன்றாக உதிரியாக உறைய வைக்கும் முறையும் இதுதான்: ஓடும் பெல்ட்டில் பரப்பி, மைனஸ் 30, 40 டிகிரிக் குளிர்க்காற்றை வேகமாக வீசுவார்கள். கடையில் உதிரி உதிரியாக வரும் ஸ்ட்ராபெரியும் அப்படி உறைந்ததுதான். வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது, பல மணி நேரம் எடுக்கும். ஐஸ் விட்டதும் வீட்டில் உறைந்த மீன் ஏன் சொதசொதவென்று இருக்கிறது என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

ஆக, எவ்வளவு நல்ல ஃபேக்டரியில் உறைந்தாலும் ஐஸ் விட்ட ஸ்ட்ராபெரிக்குப் பழைய விறைப்பு திரும்ப வராது. கேக்கின் மேல் அலங்காரத்துக்கு வைத்தால் அரை மணி நேரத்தில் அழுது வடிந்து க்ரீமையும் கெடுக்கும். இதற்கு மருந்து இல்லை.

வாங்கும்போதே ஒரு காரியம் செய்யலாம். பாக்கெட்டைக் கையில் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். கூழாங்கல் பை மாதிரி சலசலத்தால் எடுங்கள். எல்லாம் ஒட்டிச் செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்து, ஓரத்தில் சிவப்பு ஐஸும் தெரிந்தால், அது வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்தது. எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. கடையைக் குறை சொல்ல வாயைத் திறந்தேன், அப்புறம் நினைத்துப் பார்த்தால் அதற்கு முந்தைய பாக்கெட்டைச் செங்கல்லாக்கியது நானேதான். வண்ணார்பேட்டையில் வாங்கி, பஸ்ஸுக்கு நின்று, சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் பாக்கெட் தளர்ந்துவிட்டது. அதை அப்படியே ஃப்ரீசரில் போட்டேன். ஒரு தெர்மாகோல் பெட்டியோ, நாலைந்து பழைய செய்தித்தாளோ கொண்டுபோயிருந்தால் தப்பித்திருக்கும். மின்வெட்டுக்கும் ஒரு உபாயம் உண்டு. ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் ஐஸுக்குள் இறங்கிக் கிடந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அந்தக் கேக்குக்கு வருகிறேன். 250 கிராம் மைதாவுக்கு 250 கிராம் பழம் போட்டிருந்தேன். அந்தப் பழத்தில் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 225 கிராம். மாவு கரைக்கும்போது பாலைக் கரண்டிக் கணக்கில் பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டு, பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரையும் கவிழ்த்திருக்கிறேன். அதுவும் செல் கிழிந்த பழம் என்பதால் அந்தத் தண்ணீரில் நிறைய சூடு பட்டதும் வெளியே வந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். பூஜ்யம் டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஓவன் கொடுக்கிற சூட்டைப் பழம் முதலில் தான் உருகுவதற்கே எடுத்துக்கொள்கிறது. பழத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாவு அதுவரை பச்சையாகவே காத்திருக்கும். சுற்றி இருக்கும் மாவு வெந்து பொன்னிறமாகிவிடும், நாம் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவோம். களி வளையம் அப்படி வந்ததுதான்.

அதனால் 250 கிராம் மைதாவுக்கு 150 கிராம் பழம் போதும். ஐஸோடு இருக்கும்போதே கத்தியால் நாலாக நறுக்கிவிடுங்கள். சின்னத் துண்டு சீக்கிரம் உருகும். மாவு எல்லாம் கலந்து, ஓவனும் 175 டிகிரிக்குச் சூடான பிறகுதான் பழம் ஃப்ரீசரை விட்டு வெளியே வர வேண்டும். முன்னாலேயே போட்டுக் கிளறினால் குளிரில் வெண்ணெய் உறைந்து மாவு திரிதிரியாகும், பழத்தின் சாயமும் மாவு முழுக்க ஏறிவிடும். போட்டதும் நாலே கிளறு, உடனே ஓவன். வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். குச்சி குத்திப் பார்க்கும்போது பழத்தில் குத்திவிட்டு "ஈரமா இருக்கே" என்று மலைக்க வேண்டாம், தள்ளிக் குத்துங்கள்.

பழத்தை மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் இறங்காது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அந்த மைதா பழத்தைச் சுற்றிக் கசியும் சாற்றைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அது நல்லதுதான். ஆனால் மாவு தோசை மாவு பதத்தில் இருந்தால் எதில் புரட்டினாலும் பழம் இறங்கத்தான் செய்யும். கரண்டியில் எடுத்தால் விழ யோசிக்கிற மாதிரி, போண்டா மாவு அளவுக்காவது கெட்டியாக இருக்க வேண்டும்.

ஓவன் இல்லாமல் குக்கரில் உப்போ மணலோ பரப்பிக் கேக் செய்கிற வீடுகள் நம் பக்கம் இன்னும் நிறைய. அங்கே ஐஸ் பழத்தை நேரடியாகப் போடவே வேண்டாம் என்பேன். ஓவனில் கிளம்பும் ஆவி ஓரளவு வெளியேறும். குக்கரில் கேஸ்கெட்டும் வெயிட்டும் போடாவிட்டாலும் மூடி தடுக்கிறது, ஆவி மறுபடி கேக்கின் தலையிலேயே விழும். குக்கர் கேக்குக்குச் சாறு வடித்த பழம்தான் சரி. அதைச் சொல்வதற்கு முன் ஆச்சியின் பூசணத்தை முடித்துவிடுகிறேன்.

அந்த நீலம் பூசணம் இல்லை. ஸ்ட்ராபெரியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற வகைச் சாயம். புளிப்பில் அது சிவப்பாக நிற்கும். காரத்தன்மை, அதாவது சுண்ணாம்பு மாதிரிச் சரக்கு பக்கத்தில் வந்தால் நீலமாகவும் சாம்பலாகவும் மாறும். சங்குப்பூவைக் கொதிக்கவைத்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து அது ஊதாவாவதைப் பார்த்திருப்பீர்கள், இதே குடும்பச் சாயம்தான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி சிவப்பதும், சாயம் வேறு என்றாலும், இதே மாதிரி விளையாட்டு. என் கேக்கில் சுண்ணாம்பு வேலையைப் பார்த்தது பேக்கிங் சோடா, நம் வீட்டு ஆப்ப சோடா. கேக் நன்றாக உப்பட்டும் என்று ஒரு ஸ்பூன் தாராளமாகப் போட்டிருந்தேன். முட்டையின் வெள்ளைக்கருவும் காரத்தன்மை உள்ளதுதான், அதுவும் தன் பங்குக்குக் கைகொடுத்திருக்கும்.

சரி செய்வது சுலபம். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதை அடக்கும் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது, அதைப் போடலாம். சோடாதான் போட வேண்டும் என்றால் 250 கிராம் மைதாவுக்குக் கால் ஸ்பூன், கூடவே அரைக் கப் புளித்த தயிர். பழத்தின் மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் சிவப்பு இன்னும் உறுதி. பழத்தைக் கொதிக்கவைப்பதாக இருந்தால் இரும்புச் சட்டியும் அலுமினியப் பாத்திரமும் ஆகாது, இந்தச் சாயம் அவற்றோடும் வம்புக்குப் போய் மங்கும். எவர்சில்வர் பாத்திரம் போதும்.

வடிப்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த முறை இதுதான். 200 கிராம் பழத்தை வடிகட்டியில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து, ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். காலையில் கிண்ணத்தில் அறுபது, எழுபது மில்லி சாறு நிற்கும், குங்குமத்தைக் கரைத்த மாதிரி. ஒரு தடவை நாக்கில் வைத்துப் பாருங்கள். பழத்தின் வாசமும் புளிப்பும் பெரும்பாலும் இங்கேதான் இறங்கியிருக்கிறது. இதைக் கொட்டிவிட்டுச் சக்கையைக் கேக்கில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சீனி போட்டு, நடுத்தீயில் சுண்ட விடுங்கள். முதலில் பொங்கும் நுரை வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். போகப் போகக் குமிழி பெரிதாகி, 'பளக் பளக்' என்று சோம்பலாக உடையும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துப் பிரித்தால் அரைக்கம்பி இழுக்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். அல்வாவும் மிட்டாயும் கிண்டுகிற ஊர்க்காரர்களுக்குப் பதம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அகலமான பாத்திரம் என்பது முக்கியம். குறுகலான சொம்பில் வைத்தால் சுண்ட நேரமாகும், அதற்குள் சிவப்பு பழுப்பாகிவிடும், இந்தச் சாயத்துக்கு நெடுநேரச் சூடு ஆகாது. கிடைக்கும் இரண்டு ஸ்பூன் பாகை மாவில் ஊற்றும் பாலுக்குப் பதிலாகச் சேருங்கள். வடித்த பழத்தையும் பிசைந்து அதோடு போடலாம். இந்தக் கேக் குக்கரிலும் வேகும், வெட்டினால் ஈரமும் இருக்காது. இரண்டாவது தடவை ஆச்சிக்குக் கொடுத்தது இதைத்தான். ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு தின்றாள்.

ஜாமுக்கு ஐஸ் பழம் பிறவியிலேயே பொருத்தம். புதுப்பழம் என்றால் சீனியில் பிசறி ராத்திரி முழுக்க ஊறவைத்துச் சாற்றை வெளியே இழுக்க வேண்டும்; இங்கே ஐஸே அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறது. அரைக் கிலோ பழத்துக்கு 350 கிராம் சீனி, ஒரு பெரிய எலுமிச்சம்பழச் சாறு. 104, 105 டிகிரியில் ஜாம் பதம் வரும். வெப்பமானி இல்லாதவர்கள் தராசில் பார்க்கலாம்: 850 கிராமாக அடுப்பில் ஏறியது சுண்டி 600 கிராமுக்கு வந்தால், சீனியும் பழத்தின் சாரமும் சேர்ந்து நூற்றுக்கு 65 பங்கு நிற்கும், ஜாமுக்கு வேண்டியது அதுதான். ஒரே சிக்கல், இறுகவைக்கும் பெக்டின் ஸ்ட்ராபெரியில் குறைவு. கடைச் சரக்கான பெக்டின் பொடிக்கு அலைய வேண்டாம். செங்காய்ப் பதத்தில் இரண்டு கொய்யாவை நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, பிழியாமல் வடித்த நீரை அரை டம்ளர் சேருங்கள். கொய்யாவில் பெக்டின் தாராளம். வாசம் ஸ்ட்ராபெரியை அமுக்காது. அப்புறம், அந்த அரை டம்ளரும் சுண்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். கருப்பட்டி போட்டும் ஒரு தடவை கிண்டினேன். கருப்பட்டி ஜாம் கிடைத்தது. ஸ்ட்ராபெரி எங்கே போனது என்று தெரியவில்லை.

போகிற போக்கில் ஒரு தகவல். நம் நாட்டு உணவு விதிப்படி ஜாமில் பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்பெரிக்கும் மட்டும் 25 சதவீதம் இருந்தால் போதும் என்று சலுகை உண்டு. வீட்டு ஜாமைத் தின்றுவிட்டுக் கடை ஜாமைத் தின்றால் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலில் சேர்க்கிறவர்கள் சொதியை நினைத்துக்கொண்டால் போதும். தேங்காய்ப்பால் கொதிக்கும்போது யாராவது எலுமிச்சை பிழிவோமா? அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகுதானே. எலுமிச்சை அளவுக்கு இல்லாவிட்டாலும் ஸ்ட்ராபெரியும் புளிப்பான பொருள்தான் என்பது அதன் இனிப்பில் நமக்கு மறந்துபோகிறது. கொதிக்கும் பாயசத்தில் போட்டால் பால் திரிந்து, பனீர் செய்த மாதிரி ஆகிவிடும். பாயசமோ கஸ்டர்டோ நன்றாக ஆறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகு, சீனியோடு சுண்டவைத்து ஆறவைத்த பழத்தைக் கலக்குங்கள். மில்க்‌ஷேக் குளிர்ச்சியில் தாக்குப்பிடிக்கும், ஆனால் அடித்ததும் குடித்துவிட வேண்டும்.

மில்க்‌ஷேக் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஐஸ் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். நோரோவைரஸ், மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ மாதிரி வைரஸ்களுக்கு மைனஸ் 18 டிகிரி ஒன்றும் செய்யாது. 2012இல் கிழக்கு ஜெர்மனியில் பள்ளிகளுக்குப் போன உறைந்த ஸ்ட்ராபெரியால் ஏறக்குறைய 11,000 பேர் வாந்திபேதியில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஸ்ட்ராபெரி தரையோடு தரையாக விளைவது, தோல் உரிக்காமல் தின்பது. கேக்கிலும் ஜாமிலும் வெந்துவிடுகிறது, கவலை இல்லை. பச்சையாகக் குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு கொதி, ஒரு நிமிடம் முழுசாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். பழத்தின் உருவம் ஏற்கெனவே போய்விட்டது, இதனால் புதிதாக இழக்க ஒன்றுமில்லை.

இந்தப் பழம் ஏன் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தண்ணீராக இருக்கிறது என்று ஆச்சிக்கும் ஒரு கேள்வி இருந்தது. பழைய ஐரோப்பிய ஸ்ட்ராபெரி சுண்டைக்காய் அளவுதான். 1714இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து பெரிய காய் காய்க்கும் செடிகளைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவை பெண் செடிகள், காய்க்கவில்லை. பனையில் ஆண் மரம், பெண் மரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டாம். பக்கத்தில் வட அமெரிக்க இனம் ஒன்றை நட்ட பிறகு மகரந்தம் சேர்ந்து பிறந்த கலப்புதான் இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் ஸ்ட்ராபெரி. கேட்டுவிட்டு ஆச்சி, "அப்போ அதும் வந்தேறிதானா, நம்ம மொளகா மாதி" என்றாள்.

வடித்த சாறு மிச்சம் இருந்தால் எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஐஸ் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம், வெயிலுக்கு நன்றாக இருக்கிறது. நன்னாரி சர்பத்தில் மட்டும் ஊற்றாதீர்கள். இரண்டு வாசமும் ஒன்றையொன்று மதிக்காது.